சிவப்பு மையில் ஒரு வட்டம்: பாசி எடுக்கும் அக்காவின் சமநிலைச் சோதனை, ஒரு நிகழ்வு ஆய்வு

"டாக்டரம்மா, எனக்குக் காலு சரியில்லன்னு நீங்கதான் எழுதிக் குடுத்தீங்களாமே?" என்று கேட்டுக்கொண்டேதான் அந்த அக்கா உள்ளே வந்தார். கையில் நான்காக மடித்த ஒரு தாள். உப்புத்தண்ணீர் பட்டு, எழுதியதெல்லாம் கலங்கியிருந்தது. 'சமநிலைக் குறைவு, விழும் வாய்ப்பு உண்டு' என்ற வரியைச் சுற்றிய சிவப்பு வட்டம் மட்டும் அப்படியே இருந்தது. அந்த வட்டத்தைப் போட்டது நான்தான்.

பத்து நாளைக்கு முன்னால் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊருக்குப் பக்கத்தில் ஒரு கடலோரக் கிராமத்தில் பெண்களுக்கான பரிசோதனை முகாம் நடந்தது. நாற்பது வயது தாண்டியவர்களுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்தார்கள். நான் பிசியோதெரபிஸ்ட், சமநிலைச் சோதனை என் பொறுப்பு. ஒரே காலைப்பொழுதில் அறுபது பேருக்கு மேல். ஒருவருக்கு நான்கு நிமிடம் கிடைத்தாலே பெரிது. அந்த நான்கு நிமிடத்தில் பிறந்ததுதான் இந்த வட்டம்.

தாளை வீட்டுப் பரணில் போட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அக்கா அதைத் தன்னோடு வள்ளத்தில் வரும் பெண்களிடம் காட்டியிருக்கிறார். "கால் தடுமாறுறவள பார் (கடலடிப் பாறை) மேல எறக்கி என்னமும் ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது" என்று அவர்கள் பயந்துவிட்டார்கள். அந்த அமாவாசைக்கு அவர் இல்லாமலே வள்ளம் போய்விட்டது. கடலில் பாசி எடுப்பது மாதம் முழுக்க நடக்கிற வேலையில்லை. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி ஆறாறு நாள், ஆக மாதத்துக்குப் பன்னிரண்டு நாள் என்பது அங்கே பெண்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் கணக்கு. ஒரு அமாவாசை போனால் பாதி மாதம் போனது.

இதை எழுத அவர் சம்மதம் தந்தார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஆள் விவரம்

வயது 43. உயரம் 152 செ.மீ., எடை 68 கிலோ, பிஎம்ஐ (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தது) 29.4. இடுப்புச் சுற்றளவு 94 செ.மீ. ரத்த அழுத்தம் 122/78. சர்க்கரை இல்லை. தலைச்சுற்றல், காது இரைச்சல், கால் மரத்துப்போதல் எதுவும் இல்லை. கடந்த ஓராண்டில் ஒரு தடவைகூட விழுந்ததில்லை. இதைக் கேட்டதற்கு, "வள்ளத்துல ஏறும்போது எல்லாரும்தான் வழுக்குவோம், அது விழுறதா?" என்று திருப்பிக் கேட்டார். சரியான கேள்விதான். என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

உலக அளவில் புழங்கும் கோட்டின்படி பிஎம்ஐ 25-ஐத் தொட்டால் அதிக எடை, 30-ஐத் தொட்டால் பருமன். இந்திய உடம்புக்கென்று 2009-இல் நம் நாட்டு வல்லுநர்கள் கூடி வகுத்த கோட்டின்படி 25-லேயே பருமன் ஆரம்பித்துவிடுகிறது. பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவின் வரம்பு 80 செ.மீ. ஊரில் கேட்டால் "பூசினாப்ல இருக்கா" என்பார்கள், அவ்வளவுதான். நோய் இல்லாத, உழைக்கிற, பூசினாற்போன்ற உடம்பு. நம் கடற்கரையில் நாற்பது வயதைத் தாண்டிய பெண்களில் இந்த வாகு உள்ளவர்கள் ஏராளம். ஆனால் இந்தச் சோதனைகள் பெரும்பாலும் இவர்களை மனதில் வைத்து உருவானவை அல்ல. முகாமில் எனக்கு உறைக்காமல் போனது இதுதான்.

அவருடைய வேலையையும் சொல்லிவிட வேண்டும். விடிந்ததும் வள்ளத்தில் தென்கடலுக்குப் போய், இடுப்பளவு, கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, மூச்சைப் பிடித்து முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டக்கோரையையும் பிய்த்து இடுப்பில் கட்டிய வலைப்பையில் போடுவது. விரல்களில் துணி சுற்றியிருக்கும். காலில் ரப்பர் செருப்பை இறுக்கிக் கட்டியிருப்பார்கள். சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை. அலை இழுக்கும் வழுக்குப் பாறையில் ஒற்றைக் காலை ஊன்றி மறு காலால் துழாவுவது அவருக்கு அன்றாடம். இப்படிப்பட்டவருக்குத்தான் ஒற்றைக்காலில் நிற்கும் திறன் குறைவு என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். தண்ணீர் உடம்பைத் தாங்கும், இடுப்பளவு ஆழத்தில் ஏறக்குறையப் பாதி எடையை அதுவே ஏந்திக்கொள்ளும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஒட்டவில்லை.

முகாமில் எடுத்த எண்கள்

மூன்று சோதனை செய்தேன். முதலாவது, கண்ணைத் திறந்துகொண்டு ஒற்றைக்காலில் நிற்பது. 45 விநாடியில் கடிகாரத்தை நிறுத்திவிடுவோம். அக்கா இரண்டு காலிலும் 45 விநாடி நின்றார். அன்று வந்தவர்களில் பெரும்பாலோரும் அப்படித்தான் நின்றார்கள்.

இரண்டாவது, ஃபங்ஷனல் ரீச் எனும் முன்னெட்டல் சோதனை. சுவரில் தோள் உயரத்தில் அளவுகோல்; கையை நேராக நீட்டி, காலை நகர்த்தாமல் எவ்வளவு தூரம் முன்னால் எட்ட முடிகிறது என்று பார்ப்பது. அக்காவுக்கு 21 செ.மீ.

மூன்றாவது, முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என மூன்று திசையில் காலை எட்டவைக்கும் ஒய் பேலன்ஸ் சோதனையில் முன்பக்க எட்டல் மட்டும். தரையில் டேப் ஒட்டி, ஒரு காலில் நின்று மறு காலின் பெருவிரலால் டேப்பின் மேல் எவ்வளவு தூரம் தொட முடிகிறது என்று பார்ப்பது. இடது காலில் நின்றபோது 47 செ.மீ., வலது காலில் நின்றபோது 53. வித்தியாசம் 6.

முன்னெட்டல் 25 செ.மீ.க்குக் கீழே இருந்தால் விழும் வாய்ப்பு, 15-க்குக் கீழே இருந்தால் அதிக வாய்ப்பு. ஒய் சோதனையில் இரு காலுக்கும் 4 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் காயம் படும் வாய்ப்பு. இரண்டு கோட்டையும் அவர் தாண்டியிருந்தார். வட்டம் போட்டாயிற்று.

இந்தக் கோடுகள் எங்கிருந்து வந்தவை என்று யோசித்திருந்தால் பேனா கொஞ்சம் தயங்கியிருக்கும். முன்னெட்டலை 1990-இல் பமீலா டங்கனும் கூட்டாளிகளும் அறிமுகப்படுத்தினார்கள். அதன் எச்சரிக்கைக் கோடுகள், 1992-இல் அவர்கள் எழுபது தாண்டிய 217 அமெரிக்க முன்னாள் படைவீரர்களைப் பின்தொடர்ந்து பார்த்ததில் இருந்து வந்தவை. எல்லாரும் ஆண்கள். 4 செ.மீ. கோடு, 2006-இல் பிளிஸ்கியும் கூட்டாளிகளும் அமெரிக்காவில் 235 உயர்நிலைப் பள்ளிக் கூடைப்பந்து வீரர்களை, பையன்களையும் பெண்பிள்ளைகளையும், ஆராய்ந்ததில் இருந்து வந்தது. விளையாடும்போது காலில் அடிபடுவதைத்தான் அது கணித்தது, விழுவதை அல்ல. ஒரு தாத்தாவின் கோட்டையும் ஒரு பள்ளிப் பிள்ளையின் கோட்டையும் சேர்த்துப் பாசி எடுக்கும் பெண்ணின் மேல் வைத்து அளந்திருக்கிறேன்.

திரும்பப் பார்த்தது

வந்த அன்றே சாதாரணப் பரிசோதனை. தொடை, கெண்டைக்கால் வலு இரு பக்கமும் சமம். பாத உணர்வு சரி. இடது உள்ளங்காலில் சிப்பி கிழித்த தழும்பு ஒன்று இருந்தது. அழுத்திப் பார்த்தேன், வலி இல்லை. முட்டியைச் சுவரில் தொடவைத்துக் கணுக்கால் மடங்குவதை அளந்தேன். பெருவிரலுக்கும் சுவருக்கும் இடைவெளி இடது 9 செ.மீ., வலது 9.5. முன்பக்க எட்டலைக் கணுக்காலின் மடக்கம் பெரிதும் பாதிக்கும். கணுக்கால்கள் அரை சென்டிமீட்டர்தான் வேறுபடுகின்றன, எட்டல் மட்டும் ஆறு சென்டிமீட்டர் வேறுபடுகிறதென்றால் கோளாறு காலில் இருக்க வேண்டியதில்லை.

அப்புறம் முன்னெட்டலை ஒரு தடவை செய்யச் சொன்னேன். 25 வந்தது. எண்ணை விட, அவருடைய இடது கை கண்ணில் பட்டது. வலது கையை நீட்டி முன்னால் சாயும்போது இடது கை தானாக மேலே வந்து மாராப்பைப் பிடித்துக்கொண்டது. பிடித்ததும் தோள் சுருங்கியது, சாய்வு நின்றது. முகாம் நடந்தது பள்ளி வராந்தாவில். பத்தடி தூரத்தில் ஊர்ப் பெரியவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த 21 செ.மீ.யில் சமநிலை எவ்வளவு, மானம் எவ்வளவு?

நான் சொல்லாமலே அவருக்குப் புரிந்துவிட்டது. "நாளைக்குச் சட்டையப் போட்டுக்கிட்டு வரவா? கடலுக்குப் போறாப்ல?"

மறுநாள் அப்படியே வந்தார். சேலையைத் தூக்கிச் செருகி, மேலே சட்டை. விரல்களை விரித்து நீட்டாமல் மடக்கிக் கைமுஷ்டியாக வைத்து, நடுவிரல் கணுவின் இடத்தை அளவுகோலில் குறிப்பது வழக்கம். முகாமில் அவசரத்தில் நான் விரல் நுனியைப் பார்த்திருக்கிறேன். விரல் நுனியை நம்பினால் மடங்கியபோது ஒரு அளவு, நிமிர்ந்தபோது ஒரு அளவு. இரண்டு ஒத்திகை, பிறகு மூன்று அளவு: 31, 33, 33.

41 முதல் 69 வயது வரையான பெண்களுக்கு டங்கன் குழு தந்த சராசரி 13.8 அங்குலம், அதாவது 35 செ.மீ. அதைச் சுற்றி ஆளுக்கு ஆள் ஏறி இறங்கும் அளவு, அதாவது விலக்கம், 2.2 அங்குலம், ஐந்தரை செ.மீ. போல. உயரம் கூடினால் எட்டலும் கூடும் என்பதும் அதே ஆய்வில் உண்டு. ஐந்தடிப் பெண்ணுக்கு 32, 33 என்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வயிறு குறுக்கே வரும்போது

வயிற்றில் கூடுதல் எடை இருந்தால் சமநிலை மாறாதா என்றால், மாறும். நிற்கும் உடம்பு கணுக்காலில் ஊன்றிய பாய்மரம் மாதிரி. எடைக்கோடு கணுக்காலுக்குக் கொஞ்சம் முன்னால் விழுகிறது. பின்னாலிருந்து கெண்டைக்கால் தசை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. வயிறு பெருத்தால் அந்தக் கோடு விரல் பக்கம் நகர்கிறது, இழுக்க வேண்டிய விசை கூடுகிறது. 2001-இல் கணித மாதிரி ஒன்றை வைத்து இதைக் காட்டினார்கள். எடை கூடக்கூட நிற்கும்போது ஆட்டம் கூடுகிறது என்று 2007-இல் ஒரு ஆய்வு சொன்னது. அதில் பங்கேற்றவர்களும் ஆண்களே.

என் சிக்கல் வேறு. இந்த உடல்வாகு சமநிலையைத் தொடுவதற்கு முன்னாலேயே அளவீட்டைத் தொட்டுவிடுகிறது.

ஒய் சோதனையில் கிடைக்கும் தூரத்தைக் கால் நீளத்தால் வகுத்துச் சதவீதமாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நெட்டையையும் குட்டையையும் ஒப்பிட முடியாது. கால் நீளம் என்பது இடுப்பு எலும்பின் முன்முனையிலிருந்து கணுக்காலின் உள்மேடு வரை. ஒல்லியானவர்களுக்கு அந்த முனை கண்ணுக்கே தெரியும். அக்காவுக்கு நான் தேடி அளந்தது 79.5 செ.மீ. என்னோடு வேலை பார்க்கும் தங்கச்சி அளந்தது 82. ஒரே கால், ஒரே டேப். 53 செ.மீ. எட்டலை முதல் எண்ணால் வகுத்தால் 66.7 சதவீதம், இரண்டாவதால் வகுத்தால் 64.6. கால் அசையாமலே இரண்டு சதவீதம் போய்விட்டது.

நாங்கள் இருவரும் மாறி மாறி விரலால் குத்திக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு அக்காவே வழி சொன்னார். "பாவாட நாடா அறுக்குற எடத்துக்குக் கீழதாம்மா எலும்பு." நாடாத் தழும்பு இடுப்பின் இரு பக்கமும் கறுப்பாக ஓடியது. மல்லாந்து படுத்ததும் வயிறு பக்கவாட்டில் ஒதுங்கியது. தழும்புக்குக் கீழே இரண்டு விரல் வைத்து அழுத்தினால் எலும்பு முனை. இருவரும் தனித்தனியாக அளந்தோம். இருவருக்கும் 80.5. பாடப்புத்தகம் சொல்லாத இடக்குறியை அன்றிலிருந்து வைத்துக்கொண்டேன்.

பின்பக்க எட்டல்களில் இன்னொரு சங்கதி. காலைப் பின்னால் நீட்ட உடம்பு முன்னால் குனிய வேண்டும். குனிந்தால் வயிறு தொடையில் முட்டுகிறது. அங்கே எட்டலை நிறுத்துவது தடுமாற்றமில்லை, இடப்பற்றாக்குறை. "வயித்துல இடிக்குது" என்று நின்றவர், திடீரென்று மூச்சை இழுத்துப் பிடித்து வயிற்றை ஒட்டவைத்துக்கொண்டு இன்னும் நான்கு செ.மீ. போனார். முங்குகிறவரின் பழக்கம்! மூச்சைப் பிடிக்கலாமா கூடாதா என்று எந்த வழிமுறையிலும் நான் படித்ததில்லை. இனி எல்லாரையும் இயல்பாக மூச்சு விட்டபடி செய்யச் சொல்வதென்று முடிவு செய்தேன். எது சரி என்பதை விட, எல்லா நாளும் ஒன்றேபோல் இருப்பது முக்கியம்.

அந்த ஆறு சென்டிமீட்டர்

முகாமில் ஒவ்வொருவருக்கும் ஒய் சோதனை ஒரே ஒரு தடவைதான். எல்லாருக்கும் இடது காலில் நிற்பது முதலில், வலது கால் பிறகு. படிவத்தில் அப்படித்தான் கட்டம் இருந்தது.

இந்த மாதிரி எட்டல் சோதனையில் பழகப் பழகத் தூரம் கூடும். அதனால் ஆறு ஒத்திகை கொடுத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும் என்று 2000-இல் ஹெர்டெலும் கூட்டாளிகளும் சொன்னார்கள். நான்கு போதும் என்று 2008-இல் ராபின்சனும் கிரிபிளும் குறைத்தார்கள். நான் கொடுத்தது பூஜ்யம். ஆக இடது காலின் எண் என்பது இடது காலின் எண்ணே இல்லை, அது முதல் தடவையின் எண். "என்னத்தச் செய்யச் சொல்றாக" என்று புரியாமல் நின்றபோது எடுத்தது 47. புரிந்தபிறகு எடுத்தது 53. கால் மாறியதோடு ஒத்திகையும் சேர்ந்து மாறியிருக்கிறது.

சோதித்துப் பார்க்க எளிய வழி, வரிசையை மாற்றுவது. ஒரு ரூபாய்க் காசைச் சுண்டினோம். வலது கால் முதலில் வந்தது. ஒவ்வொரு காலுக்கும் நான்கு ஒத்திகை, பிறகு மூன்று அளவு. வலது 54, 54, 53. இடது 52, 53, 53. சராசரியில் வித்தியாசம் ஒரு செ.மீ.

அன்றே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன்: முகாம் அளவு அவசரத்தில் எடுக்கப்பட்டது, முறைப்படி எடுத்ததில் குறை இல்லை, கடலுக்குப் போகத் தடையில்லை. பௌர்ணமிக்கு வள்ளத்தில் ஏற்றிக்கொண்டார்கள்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் நல்ல எண்ணை மட்டும் ஒரே நாளில் நம்பிவிட்டால் முதலில் செய்த தப்பையே மறுபடி செய்ததாகும், பக்கம்தான் வேறு. பௌர்ணமி எடுப்பின் ஐந்தாம் நாள், கடலில் இருந்து நேராக வரச் சொன்னேன். தலைமுடியில் ஈரம் காயவில்லை, விரல் நுனியெல்லாம் சுருங்கியிருந்தது. வலது 52, 53, 52. இடது 50, 51, 51. முன்னெட்டல் 30, 32, 32. எல்லாமே ஒன்றிரண்டு செ.மீ. இறங்கியிருந்தது, இரண்டு காலுக்கும் சேர்த்து. கச்சான் காற்று பலமாக அடித்த வாரம். வள்ளம் ஆடிய ஆட்டத்தில் கால் களைத்துவிட்டது என்றார். அடுத்த வாரம் ஓய்வு நாளில் தங்கச்சி அளந்தாள், முந்திய எண்களை அவளுக்குக் காட்டவில்லை. வலது 54, 53, 54. இடது 53, 52, 53. முன்னெட்டல் 33, 34, 33.

கண்ணை மூடி ஒற்றைக்காலில் நிற்பதையும் அன்று பார்த்தோம். 11 விநாடி, 19, 14. ஒரே கால், ஒரே காலை நேரம், இடையில் இரண்டு நிமிட ஓய்வு. இதில் எதை எழுதுவது? பெரியதையா, சராசரியையா? எழுதுகிறவர் எதை எடுத்தார் என்று சொல்லாவிட்டால் அந்த எண் காகிதத்துக்குத்தான் கனம்.

நம்பகத்தன்மை என்ற எண்ணைப் பற்றிக் கொஞ்சம்

ஒரு சோதனையைத் திரும்பச் செய்தால் அதே விடை வருமா என்பதற்கு ஐசிசி என்று ஒரு எண் சொல்வார்கள். பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை. 0.5-க்குக் கீழே மோசம், 0.75 வரை சுமார், 0.9 வரை நல்லது, அதற்கு மேல் மிக நல்லது என்று 2016-இல் கூவும் லீயும் தந்த பிரிவை இப்போது எல்லாரும் எடுத்தாள்கிறார்கள். ஒய் சோதனைக் கருவியை 2009-இல் பிளிஸ்கி குழு ஆராய்ந்தபோது, ஒருவரே திரும்ப அளந்ததில் 0.85 முதல் 0.91, இருவர் அளந்ததில் 0.99-க்கு மேல் கிடைத்தது. பங்கேற்றவர்கள் கல்லூரிக் கால்பந்து ஆடும் பதினைந்து ஆண்கள். ஒரே நகர்வை இரண்டு பேர் ஒன்றுபோல் வாசிப்பது எளிது. அதே ஆள் மறுபடி அதே தூரம் நகர்வதுதான் கடினம்.

இந்த எண்ணில் ஒரு சூது உண்டு. கரையில் கூடையைக் கவிழ்க்கிறார்கள், அதில் சீலாவும் கிடக்கிறது, நெத்திலியும் கிடக்கிறது. எது பெரிது எது சிறிது என்று தராசு இல்லாமலே யாரும் வரிசைப்படுத்திவிடலாம். பத்துப் பேர் செய்தாலும் அதே வரிசை வரும். கூடை முழுக்க ஒரே அளவு காரலாக இருந்தால்? நல்ல தராசு வைத்து நிறுத்தாலும் இன்றைக்கு ஒரு வரிசை, நாளைக்கு ஒரு வரிசை. தராசு கெட்டுப்போகவில்லை, மீன்களுக்குள் வித்தியாசம் இல்லை. ஐசிசி அளப்பது இந்த வரிசையைத்தான். ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டையும் அளவீட்டுப் பிழையையும் ஒன்றாக வைத்து, அதில் முன்னதின் பங்கு எவ்வளவு என்று பார்க்கிறது.

ஆகவே நோயில்லாத, ஒரே வயதுடைய, ஒரே வாகான பெண்களை மட்டும் வைத்து ஆய்வு செய்தால் ஐசிசி இறங்கிவிடும். சோதனை கெட்டது என்று அவசரப்பட்டு எழுதிவிடக் கூடாது. மாறாகப் பதினெட்டு வயதுப் பிள்ளையையும் எண்பது வயதுப் பாட்டியையும் கலந்து எடுத்தால் ஐசிசி ஜோராக வரும். அதை நம்பி ஒருவரின் மூன்று செ.மீ. மாற்றத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. முகாமின் 45 விநாடிச் சோதனை காரல் கூடையின் உச்சம். எல்லாரும் ஒரே எண்ணில் முட்டி நின்றால் வரிசைப்படுத்தவே ஒன்றுமில்லை.

எதிரே நிற்கும் ஒரு ஆளுக்குத் தேவைப்படுவது வேறு கணக்கு: இந்த அளவில் எத்தனை செ.மீ. தானாகவே ஆடும்? ஒரு குழுவின் விலக்கம் 5 செ.மீ., ஐசிசி 0.85 என்று வைத்துக்கொள்வோம். ஒன்றிலிருந்து ஐசிசியைக் கழித்து வர்க்கமூலம் எடுத்து விலக்கத்தால் பெருக்கினால் அளவீட்டுப் பிழை 1.9 செ.மீ. இரண்டு அளவுகளை ஒப்பிடும்போது இரண்டிலும் பிழை இருக்கிறது, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை அடங்கும் எல்லையும் வேண்டும் என்பதால் அதை 2.77-ஆல் பெருக்க வேண்டும், ஏறக்குறைய 5.4 வருகிறது. அதாவது ஒழுங்காக ஒத்திகை கொடுத்து எடுத்தாலும்கூட, ஐந்து செ.மீ. வரையான வித்தியாசம் வெறும் ஆட்டமாக இருக்க இடமுண்டு. 4 செ.மீ. கோடு அந்த ஆட்டத்துக்குள்ளேயே கிடக்கிறது. ஒத்திகையே இல்லாமல், வரிசையும் மாறாமல் எடுத்த ஒற்றை அளவின் ஆறு செ.மீ.யைப் பற்றி என்ன சொல்ல.

ஒரே ஒருவரை வைத்து ஐசிசி போட முடியாது. மேலே உள்ள 5-ம் 0.85-ம் விளக்கத்துக்கு எடுத்தவை. அக்காவிடம் நான் பார்த்தது, முறைப்படி எடுத்த மூன்று நாளின் சராசரிகள் இரண்டு செ.மீ.க்குள் அடங்கின என்பதும், முகாம் எண் அந்த எல்லைக்கு வெளியே தனியாகக் கிடந்தது என்பதும்தான். அவருக்கு எடை குறைந்தால் முட்டிக்கு நல்லது என்பதையும் சொன்னேன். அது சமநிலைச் சீட்டில் எழுதுகிற விஷயமில்லை என்பதால் வாயால் மட்டும்.

பிறகு

கடைசி நாள் பழைய தாளை மேசையில் விரித்து வைத்தார். "கடுதாசியெல்லாம் சரி. இந்தச் செவப்பு வட்டத்த என்ன செய்யிறது? ஆளுக்கு ஆள் இதத்தான் பாக்குறாக." வட்டத்தின் குறுக்கே கோடு இழுத்து, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். அவர் திருப்தியாகவில்லை. புதுத் தாள் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். பழையதை வாங்கி நான் வைத்துக்கொண்டேன்.

முகாம் படிவத்தை மாற்றிவிட்டோம். எந்தக் கால் முதலில் என்பது காசு சுண்டி முடிவாகும். நான்கு ஒத்திகைக்குக் கட்டம் உண்டு. அளக்கும் இடத்துக்கு மறைப்புத் துணி, ஆணியில் மாட்டிய இரண்டு பெரிய சட்டை. ஒருவருக்கு இப்போது பன்னிரண்டு நிமிடம் ஆகிறது; ஒரு காலையில் இருபது பேருக்கு மேல் பார்க்க முடியாது என்று ஏற்பாட்டாளர்களிடம் சொன்னபோது அவர்கள் முகம் சுருங்கியது. சிவப்பு மைப் பேனாவை எடுத்துக்கொண்டு போவதில்லை.

அன்றைய முகாம் தாள்களை மறுபடி புரட்டியதில் இன்னும் பதினோரு வட்டங்கள் இருந்தன. ஆள் அனுப்பிச் சொன்னதில் ஏழு பேர் வந்து திரும்ப அளந்துகொண்டார்கள். ஐந்து பேருக்கு வட்டம் தேவையே இல்லை. ஒருவருக்கு இடது காலில் உண்மையிலேயே வலுக் குறைவு, பயிற்சி நடக்கிறது. ஒருவருக்குச் சர்க்கரையால் பாத உணர்வு குறைந்திருக்கிறது, மருத்துவரிடம் அனுப்பியிருக்கிறேன். நான்கு பேர் இன்னும் வரவில்லை. அவர்களும் பாசிக்குப் போகிறவர்கள்தான். அமாவாசை, பௌர்ணமியில் போனால் கடலில் இருப்பார்கள். அட்டமி நவமி பார்த்து, டேப்பையும் சட்டையையும் எடுத்துக்கொண்டு நானே அந்த ஊருக்குப் போக வேண்டும். அக்கா கூட வந்து வீடு காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.